இருபத்தாறுக்கும் இருபத்தேழுக்கும் இடையில்

2026 ஜனவரி 11, ஞாயிறு

விரல் நுனியில் பழைய காகித வாடை. இரண்டு முறை சோப்புப் போட்டும் போகவில்லை.

பதுளை செஸ் கழகத்தில் இன்று முதல் நாள் வேலை. நவம்பர் மழையில் கூரைத் தகரம் கிளம்பி, அலமாரிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. உள்ளே இருந்தவை ஐம்பத்து நான்கு வருடத்து ஆட்டத்தாள்கள். யார் ஆடினாலும் ஒவ்வொரு நகர்வையும் தாளில் எழுதி, ஒரு பிரதியைக் கழகத்துக்குக் கொடுத்துவிட்டுத்தான் படியிறங்க வேண்டும். றிஸாத்தின் வாப்பா கழகத்தைத் தொடங்கிய நாளிலிருந்து இதுதான் சட்டமாம். இப்போது றிஸாத் செயலாளர். கீழே அவருடைய ஹாட்வெயார் கடை, மேலே கழகம். "ஆட்டத்தாள்களைக் காப்பாற்ற ஆட்கள் தேவை" என்று கடைக் கதவில் ஒட்டியிருந்தார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சருக்கு ஞாயிற்றுக்கிழமை வேறென்ன வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன்.

அதுதானா காரணம்? நாட்குறிப்பிலுமா பொய்?

தொண்டர்கள் மூன்று பேர். நான், அச்சகத்தில் வேலை செய்யும் ஸிஹாமா, வங்கியில் இருக்கும் தயானி. தயானிக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. "செஸ் வாசிக்க தமிழ் வேணாம்தானே டீச்சர்" என்றாள். வேண்டாம்தான். கட்டத்துக்கு ஓர் எழுத்து, ஓர் எண். அவ்வளவே.

ஜனவரி 18, ஞாயிறு

ஒட்டிப்போன தாள்களைப் பிரிக்க ஸிஹாமா ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். பழைய எக்ஸ்ரே படத்தை நீளமாக வெட்டி, இரண்டு தாளுக்கு நடுவே நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளுகிறாள். கிழியாமல் வருகிறது. பிரித்ததைத் தயானி படம் எடுக்கிறாள். நான் வாசித்துக் கணினியில் ஏற்றுகிறேன். தவறான நகர்வு வந்தால் கணினி நின்றுவிடும். கணக்குத் திருத்துவது மாதிரிதான்.

ஹல்துமுல்லையிலிருந்து ஒருவர் பதினொரு வருடம், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பஸ்ஸில் வந்து ஆடியிருக்கிறார். தொழில் என்ற இடத்தில் "கவ்வாத்து" என்று எழுதியிருக்கிறார். தேயிலைச் செடியை வெட்டிய கை எழுதியது. முத்து முத்தாக எழுத்து. அவரே மடக்கி வைத்த மடிப்புக்கூட அப்படியே இருக்கிறது. எழுபத்திரண்டு ஆட்டம், ஒன்றும் வீணாகவில்லை. தயானி கை தட்டினாள்.

நம்முடைய தோட்டத்து ஆட்கள் சம்பளப் பட்டியலில் இருப்பார்கள், வாக்காளர் பட்டியலில் இருப்பார்கள். யோசித்தது எழுத்தில் இருப்பது இங்கேதான்.

ஜனவரி 25, ஞாயிறு

இன்று மட்டும் இருநூற்றுப் பத்துத் தாள். இனி வார நாள் மாலையிலும் வருவதென்று பேசிக்கொண்டோம். முதுகு வலி. சந்தோஷமான வலி.

பெப்ரவரி 1, ஞாயிறு

வந்தே விட்டது.

அடித்தட்டில் ஒரு தடித்த பதிவேடு. தபால் செஸ், கார்டுக்கு ஒரு நகர்வாக எழுதி அனுப்பி ஆடியது, 1986 முதல் 1989 வரை. றிஸாத் அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். "டீச்சர், ஒங்கட அண்ணன்ட ஆட்டமெல்லாம் இதுக்குள்ளதான் ஈக்கு." சுவரில் இருக்கும் படத்தை எல்லோரும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்கள். கேடயத்தோடு நிற்கும் கிருஷ்ணராஜ் அண்ணன். தீவளாவிய தபால் போட்டியில் இரண்டாம் இடம். பதுளையில் இன்றைக்கும் "போஸ்ட்காட் கிருஷ்ணராஜ்" என்றால் தெரியாதவர் குறைவு.

இதை ஒரு தடவையாவது எழுதிவிடுகிறேன். அந்த ஆட்டங்களை ஆடியவள் நான்.

அண்ணன் அப்போது பதுளையில் ஒரு கடையில் கணக்கப்பிள்ளை, கழகத்து உறுப்பினர். ஆசையாகத்தான் போட்டிக்குப் பெயர் கொடுத்தார். நாலாவது கார்டிலேயே அலுத்துவிட்டது. நான் நமுனுகுல தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தேன். டீச்சர் நியமனம் வருமா வராதா என்று காத்திருந்த காலம். "நீ வேணும்னா ஆடிப் பாரேன்" என்றார். கொழுந்து பறிக்கப் போன தாய்மாரின் குழந்தைகள் மத்தியானம் தூங்கும்போது, தொட்டில்களுக்கு நடுவே தரையில் பலகையைப் போட்டு யோசிப்பேன். சனிக்கிழமை அண்ணன் நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வருவார். நான் சொல்வதைக் கார்டில் எழுதி, தன் பெயரைப் போட்டு, திங்கட்கிழமை தபாலில் சேர்ப்பார். கழகத்தில் பெண்கள் யாரும் இல்லை. சேரக்கூடாது என்று சட்டமில்லை. சேரலாம் என்று எனக்கு யாரும் சொல்லவுமில்லை.

மூன்று வருடம். ஒன்பது ஆட்டம். ஆறு வெற்றி, இரண்டு சமன், ஒரு தோல்வி.

கேடயம் வாங்கிய அன்று வெற்றிலை எச்சில் தெறிக்க எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு சேலை வாங்கி வந்தார். பச்சை. நல்ல சேலைதான்.

பெப்ரவரி 8, ஞாயிறு

என் ஆட்டங்களை நானே ஏற்றினேன். பெயர் என்ற இடத்தில் "கிருஷ்ணராஜ்" என்று ஒன்பது தடவை. ஒரு தடவைகூடப் பிழையாக அடிக்கவில்லை. அதுவே ஒரு மாதிரியாக இருந்தது.

எட்டு ஆட்டம் கணினியில் ஓடின. ஒன்பதாவது ஓடவில்லை. காலி நகரத்து ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவரோடு ஆடியது. இருபத்தாறாவது நகர்வு வரை சரி. இருபத்தேழில் கணினி நின்றுவிட்டது. அண்ணன் பதிவேட்டில் எழுதியிருப்பதைப் பார்த்தால், அதற்குள் என்னுடைய ஒரு கோட்டையும் எதிராளியின் ஒரு குதிரையும் காணாமல் போயிருக்கின்றன. எண்கள் மட்டும் விடாமல் தொடர்கின்றன.

றிஸாத் பலகையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "கோட்டைய குதிரைக்குக் குடுத்தீக்கும். அது வெளங்குது. அதுக்குப் பொறகு இன்னொரு நகர்வு வேணும். அது என்னா?"

எனக்குத் தெரியும். அடுத்த தாளை எடுத்தேன்.

என் வாழ்க்கையில் நான் ஆடியதிலேயே நல்ல நகர்வு அதுதான். அதுவா காணாமல் போக வேண்டும்?

பெப்ரவரி 15, ஞாயிறு

றிஸாத், அண்ணன் இப்போது இருக்கும் லுணுகலைக்குப் போன் எடுத்து அவரிடமே கேட்டிருக்கிறார். அண்ணன் "வயசாச்சு தம்பி, யோசிச்சிச் சொல்றேன்" என்றாராம்.

பொழுது சாய எனக்குப் போன்.

"லெட்சுமி, அந்தக் காலிக்காரன் கூட ஆடுனது. நடுவுல ரெண்டு நகர்வு விட்டுப்போச்சாம். என்னன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"சொல்லு, எழுதிக்கிறேன். நாளைக்கு றிஸாத்துக்குச் சொல்லணும்."

பென்சிலைத் தேடும் சத்தம்கூடக் கேட்டது.

"அண்ணே, நீங்களே யோசிச்சிப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். நாற்பது வருடத்தில் அவர் பேசிக்கொண்டிருக்கும்போது நான் போனை வைத்தது இதுதான் முதல் தடவை.

பெப்ரவரி 16, திங்கள்

எனக்கு அறுபது வயசாச்சு. இன்னமும் நான் சொல்லணும், அவரு எழுதணும், அவரு பேரப் போடணும். கேக்கும்போது ஒரு கூச்சம் வேணாமா? "சொல்லு, எழுதிக்கிறேன்" - அவ்வளவுதானா?

ஆனால் கொள்ளையடித்துக்கொண்டு போனாரா அவர்? நானும்தானே கொடுத்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான்தானே. அவர் பெயர் இல்லாவிட்டால் எனக்கு ஓர் ஆட்டமும் இல்லை. நியமனம் கிடைத்து முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்கு மைல் நடந்தவரும் அவர்தான்.

இரண்டும் உண்மை. எதை வைத்துக்கொள்வது?

பெப்ரவரி 22, ஞாயிறு

நோன்பு தொடங்கிவிட்டது. றிஸாத்தும் ஸிஹாமாவும் தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலை செய்கிறார்கள். தயானியும் நானும் தேநீர் குடிக்கக் கீழே இறங்கிப் போகிறோம். இரண்டாயிரத்து எழுநூறு ஆட்டம் முடிந்தது.

அந்தக் காலி ஆட்டத்துக்கு றிஸாத் பதினொரு வழி எழுதிப் பார்த்திருக்கிறார். எது என்று நிச்சயமில்லை. அண்ணனிடமிருந்து பதிலும் இல்லை. "ஊகத்துல எழுத ஏலாது. குறையாட்டம்னு போட்டுடுவோம்" என்றார். தயானி அந்த வரிக்குச் சிவப்பு நிறம் கொடுத்தாள். மூவாயிரத்துக்கு மேல் வரப்போகும் பட்டியலில் குறையாட்டம் இருபதுகூட இல்லை. அதில் ஒன்று என்னுடையது.

பெப்ரவரி 26, வியாழன்

முப்பத்து நாலு வருடம் கூட வாழ்ந்த மனிதரிடம் இன்று சொன்னேன்.

முருகையா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். கை நின்றது. மறுபடி பிசைந்தார். கோபமோ என்று பயந்தேன்.

"ஒவ்வொரு தீவாளிக்கும் ஒங்கண்ணன் கூட செஸ் ஆடுறேன். ரயில்வேயில சும்மா பொழுதுபோக்கப் படிச்ச ஆளு நான். ஒவ்வொரு தடவையும் நான்தான் ஜெயிக்கிறேன். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைன்னு மரியாதைக்கு விட்டுக்குடுக்குறாருன்னு நெனச்சேன்." தண்ணீரைக் குடித்துவிட்டு, "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார்.

"சொன்னா நீங்க அவர வேற மாதிரி பாப்பீங்க."

"ஒன்னயும் வேற மாதிரி பாத்திருப்பேனே" என்றார். "ஞாயித்துக்கெழம போய்ச் சொல்லிட்டு வா."

மார்ச் 1, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலை பத்தரை மணி. றிஸாத்திடம் பலகையைக் கேட்டேன். பதிவேட்டை மூடி வைக்கச் சொன்னேன். முதல் நகர்விலிருந்து இரண்டு பக்கத்துக் காய்களையும் நானே நகர்த்தினேன். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ஸிஹாமா எக்ஸ்ரே படத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றாள். தயானி பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு நகர்வாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

இருபத்தாறு. அங்கே கையை எடுத்தேன்.

"இருபத்தேழு" என்று சொல்லி, கோட்டையால் குதிரையை வெட்டினேன். எதிராளியின் சிப்பாய் கோட்டையை வெட்டியது. அடுத்து என் அரசனை எடுத்து ஒரு கட்டம் தள்ளி மூலையில் வைத்தேன்.

"அரசனயா?" என்றார் றிஸாத். "கோட்டைய குதிரைக்குக் குடுத்துட்டு, அரசன சும்மா தள்ளி வெக்கிறதா?"

"அவருக்கு இருந்த ஒரே பிடி, ராணியால எனக்கு செக் குடுத்து நேரம் எடுக்குறதுதான். அரசன் மூலைக்குப் போனா அந்தப் பிடி இல்ல. அதுக்குப் பொறகு எனக்கு அவசரமே இல்ல, அவரால ஒன்னும் செய்ய முடியாது. பதினோரு நாள் யோசிச்சேன்."

எதிராளியின் ராணி பின்வாங்கியது. அதற்கடுத்து, அண்ணன் இருபத்தேழு என்று எழுதியிருப்பது உண்மையில் இருபத்தொன்பது. அங்கிருந்து கடைசிவரை பதிவேடும் நானும் ஒரே வழி. தயானி கணினியில் போட்டாள். ஓடியது. பிறகு, அந்த இடத்தில் எது நல்ல நகர்வு என்று கணினியிடமே கேட்டாள். அது முதலில் வேறு இரண்டைக் காட்டி, கொஞ்ச நேரம் யோசித்து, அரசனை மூலையில் வைத்தது.

கீழே கடையில் யாரோ ஆணி நிறுக்கச் சொல்லும் சத்தம்.

"பதினோரு நாள் யோசிச்சேன்னு சொன்னீங்களே டீச்சர்" என்றாள் ஸிஹாமா, மெதுவாக. "அப்ப இது நீங்க ஆடினதா?"

"ஒன்பதும் நான் ஆடினதுதான்."

பிள்ளைக் காம்பராவில் பலகை போட்டதிலிருந்து எல்லாம் சொன்னேன். தயானி என் கையைப் பிடித்துக்கொண்டாள். றிஸாத் சுவரில் இருந்த படத்தைப் பார்க்காமல் இருக்க மிகவும் முயன்றார். இதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். பெருமை என்று ஒன்று இருக்கிறதே, அது சத்தம் போடும் என்று நினைத்திருந்தேன். இல்லை. முதுகு நேராக நிற்கிறது, அவ்வளவுதான்.

மார்ச் 2, திங்கள்

அண்ணனுக்கு நானே போன் எடுத்துச் சொன்னேன். வேறு யாரும் சொல்லி அவர் கேட்கக்கூடாது.

"இப்ப எதுக்கு லெட்சுமி இதெல்லாம்? பேரப்புள்ளைங்க ஸ்கூல்ல என்னப் பத்திப் பெருமையாப் பேசுதுங்க." பிறகு, "அசிங்கப்படுத்திட்டியே" என்றார்.

வைத்துவிட்டார்.

மார்ச் 8, ஞாயிறு

கழகத்தின் செயற்குழு கூடியதாம். நான் சொன்ன இரண்டு நகர்வுகளையும் ஏற்றுக்கொண்டார்கள். ஆட்டம் முழுமையாகிவிட்டது, சிவப்பு நிறம் போய்விட்டது. ஆடியவர் பெயரை மாற்ற மட்டும் எழுத்தில் ஆதாரம் வேண்டும், அல்லது பெயருக்குரியவரே சொல்ல வேண்டும். றிஸாத் சங்கடத்தோடு சொன்னார். "நான் நம்புறேன் டீச்சர். ஆனா இது பதிவு."

நான் கோபப்படவில்லை. சரியான முடிவுதான். மற்றவர்களுடைய மூவாயிரம் ஆட்டத்துக்கும் அதே கண்டிப்போடு இருந்ததால்தான் இந்தப் பட்டியலுக்கு மதிப்பு. யாராவது வந்து "அது நான் ஆடியது" என்றதும் மாற்றிவிடுகிற பட்டியலில் என் பெயர் இருந்து என்ன?

"படத்த கழட்டிடவா?" என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். கேடயத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர்தானே.

மார்ச் 22, ஞாயிறு

நேற்றுப் பெருநாள். ஸிஹாமா ஒரு பெரிய கிண்ணம் நிறைய இனிப்பு வட்டிலாப்பம் கொண்டுவந்தாள். கடைசித் தாளை இன்று மத்தியானம் ஏற்றினோம். மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டு ஆட்டம். எழுத்து அழிந்து முற்றாகப் போனது நாற்பத்தாறு மட்டும். அந்த அலமாரியைத் திறந்த நாளில் பாதியாவது மிஞ்சுமா என்று நினைத்தோம்.

ஏப்ரல் 26 மக்களுக்குத் திறந்து வைக்கும் விழா. எந்த ஊரிலிருந்தும் யாரும் போனிலேயே பார்க்கலாம்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரைப் புத்தாண்டு. பொங்கல் வைத்தேன். அண்ணன் வரவில்லை. நான் வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு அவர் வராத முதல் புத்தாண்டு. வாசலில் ஆட்டோ நிற்கும் போதெல்லாம் முருகையா எழுந்து போய்ப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

விழாவுக்கு வருகிறவர்கள் உட்காரக் கதிரை துடைத்துக்கொண்டிருந்தோம். படியில் மெதுவான காலடி. அண்ணன். கையில் ஒரு சிலிசிலிப் பை, பொலித்தீன் கசங்கும் சத்தம்.

என்னைப் பார்க்காமல் நேரே றிஸாத்திடம் போனார். பையை மேசையில் கவிழ்த்தார். போஸ்ட்காட் கட்டு. காலிக்காரர் அனுப்பியவை, நூல் போட்டுக் கட்டி, ஒன்றுகூடக் கசங்காமல். அந்தக் கலவரக் காலத்தில் தபால் ஓடாமல் நின்ற மாதங்களும் உண்டு, ஆனாலும் ஒன்றும் தவறவில்லை. காலிக்காரர் ஒவ்வொரு கார்டிலும் நம் நகர்வைத் திருப்பி எழுதிவிட்டுத்தான் தன் நகர்வை எழுதுவார். தயானி தேடி எடுத்தாள். இருபத்தெட்டு. அரசன், மூலைக்கு. நீல மையில் இருக்கிறது.

"எறிய மனசு வரல" என்றார் அண்ணன். "தம்பி, அந்த ரெண்டு நகர்வும் தவறி விட்டுப்போனது இல்ல. நான்தான் எழுதாம விட்டேன். பதிவேட்டுல எழுதிக் குடுத்தா யாராவது பலகையப் போட்டு, கோட்டைய ஏன் குதிரைக்குக் குடுத்தீங்க, அரசன ஏன் தள்ளி வெச்சீங்கன்னு கேப்பாங்க. எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்ல? எனக்கு வெளங்கவே இல்ல. இன்னிக்கு வரைக்கும் வெளங்கல."

அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. விட்டுப்போனது வேறு, விட்டது வேறு.

அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். ஒரு கார்டைத் தனியே சட்டைப் பையிலிருந்து எடுத்தார். "இத ஒங்கிட்ட காட்டவே இல்ல."

ஆட்டம் முடிந்த பிறகு காலிக்காரர் எழுதியது. ஆங்கிலத்தில் நான்கு வரி. இருபத்தெட்டாவது நகர்வு வந்த வாரம் தான் சரியாகச் சாப்பிடவில்லை என்றும், இப்படி ஓர் ஆட்டத்தில் தோற்றதற்காகச் சந்தோஷப்படுவதாகவும், பதுளைக்கு வந்தால் இந்தக் கையைக் குலுக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்.

முப்பத்தேழு வருடம் கழித்து வந்த தபால்.

ஸிஹாமா படிவம் கொடுத்தாள். கழகத்துக்கு எதைக் கொடுத்தாலும் நிரப்ப வேண்டிய படிவம். அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பழைய கணக்கப்பிள்ளை எழுத்தில் நிரப்பினார். கொடுத்தவர்: வீ. கிருஷ்ணராஜ். ஆடியவர்: வீ. விஜயலெட்சுமி, நமுனுகுல. கையொப்பம், திகதி.

"தப்பா இருந்தா சொல்லு" என்றார்.

"எழுத்துப் பிழை ஒன்னும் இல்லண்ணே."

சாப்பிட வீட்டுக்கு வந்தார். முருகையா செஸ் பலகையை எடுக்கவே இல்லை. வட்டிலாப்பம் எப்படிச் செய்வதென்று மூன்று பேரும் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். மூவருக்கும் தெரியாது.

ஏப்ரல் 26, ஞாயிறு

மேல்மாடி கொள்ளாத கூட்டம். படியிலும் நின்றார்கள். ஹல்துமுல்லைக்காரருடைய மகன் குடும்பத்தோடு வந்து, தகப்பனின் எழுபத்திரண்டு ஆட்டத்தையும் போனில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். தயானி தமிழில் வரவேற்புரை சொன்னாள். காகிதத்தில் சிங்கள எழுத்தில் எழுதி வைத்திருந்தாள், ஒரு சொல் தவறவில்லை.

ஓர் ஆட்டத்தைச் சுவர்ப்பலகையில் காட்டி விளக்க வேண்டும் என்று றிஸாத் என்னைக் கூப்பிட்டார். பலகை உயரம், எனக்குக் கை எட்டாது. காய் நகர்த்த யாராவது வேண்டும் என்றேன். இரண்டாம் வரிசையிலிருந்து அண்ணன் எழுந்து வந்தார்.

நான் சொன்னேன், அவர் நகர்த்தினார். இருபத்தேழில் கோட்டையைக் கொடுத்தபோது கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அது அடங்கட்டும் என்று கொஞ்சம் நின்றேன்.

இருபத்தெட்டை நான் சொல்லவில்லை. அதற்கு முன்பே அண்ணனின் கை அரசனுக்குப் போய்விட்டது.